பூ இல்லாத வாசனை

அண்ணி,

மத்தியானம் உங்கள் மகள் வாணி என் மணிக்கட்டில் உங்கள் சென்ட்டை ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிட்டுப் போனாள். அது இன்னும் போகவில்லை. சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மீன் கழுவிய கைக்கு என்னவெல்லாம் செய்வோமோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். காப்பியை வாயருகே கொண்டுபோனால் காப்பிக்கு முன்னால் நீங்கள் வருகிறீர்கள். கடைசியில் காப்பியைக் கொட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

யாரோ ஓர் அம்மாவின் அலமாரியில் பல காலமாகக் கிடந்த பாட்டிலாம். அவர் இறந்தபின் பிள்ளைகள் இண்டர்நெட்டில் விற்றிருக்கிறார்கள். அதே பெயரில் கடையில் புதிது கிடைக்கிறதாம். "அது வேற அத்தை, சீனித் தண்ணி மாதிரி இருக்கு, அம்மா வாசனையே இல்லை" என்றாள் வாணி. நீங்கள் விட்டுப்போனது எப்போதோ தீர்ந்துவிட்டது, அதனால் பழையதைத் தேடி அலைந்து வாங்கியிருக்கிறாள். அடித்தவுடன் புளித்த வார்னிஷ் நெடிதான் வந்தது. மேல் வாசனை கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு அடியிலிருந்து அது எழுந்து வந்தது. ஈர மண், கிணற்றுப் பாசி, பழைய தோல் பையின் உட்புறம், எல்லாவற்றுக்கும் கீழே கொஞ்சம் புகை. வாணி அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

உங்களிடம் என்ன மறைப்பது. எனக்கு அந்த வாசனை அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மற்ற சென்ட்டெல்லாம் வாசலில் நின்று உள்ளே வரட்டுமா என்று கேட்கும். இது கேட்காது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்காரும். நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆன பின்னும் மாடிப்படியில் அது நின்றுகொண்டிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குட்டிகூரா பவுடரும் சாம்பிராணியும் தேங்காயெண்ணெயும்தான் எங்களுக்குத் தெரிந்த வாசனைகள். அவற்றுக்கு நடுவில் இது மேசை மேல் ஏறி நின்று பேசியது.

அதுவும் எப்போது வந்தது? அண்ணன் போன பிறகு. கிள்ளான் சாலையில் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கடியில் போனானே, அதற்கு அடுத்த வருடம். வாணி அப்போது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். பத்து ரோடு கடைத்தெருவில் ஒரு பெரிய துணிக்கடையின் சென்ட்டுப் பகுதியில் உங்களுக்கு வேலை கிடைத்தது. அங்கே யாருமே வாங்காமல் கிடந்த பாட்டில் அது. வந்தவர்களெல்லாம் முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்களாம். நீங்கள் முகர்ந்தீர்கள், வாங்கி வந்துவிட்டீர்கள்.

அம்மா முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா நாத்தம் இது?"

"சென்ட்டு அத்தை."

"இப்படி ஒரு சென்ட்டா? என்னன்னு பேரு?"

"கடையில கூட நிக்கிற மலாய்க்கார அக்கா நிலம்னு சொல்றாங்க."

"நிலமா? மண்ணையா பூசிக்கிட்டு வேலைக்குப் போற?"

நீங்கள் சிரித்தீர்கள். அண்ணன் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. ஏதோ ஓர் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு மலாயில் நிலம் என்று பெயர், நம்முடைய நிலம் வேறு என்று விளக்கினீர்கள். அம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அவளுக்கு மண் என்றால் மண்தான். அன்றிலிருந்து அவள் வாயில் அது "மண்ணு சென்ட்டு".

"புருசன் போனவ பூ வைக்கக்கூடாது. சென்ட்டு மட்டும் போடலாமா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பூ வைக்கக்கூடாதுன்னீங்க, வைக்கல. பொட்டு வேணாம்னீங்க, வைக்கல. இதுல பூவே இல்லை அத்தை. இலை, பாசி, தோலு, அவ்ளோதான். மோந்து பாருங்க லா."

மணிக்கட்டை நீட்டினீர்கள். அம்மாவும் பிடித்து முகர்ந்தாள். அவள் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. ஒரு மல்லிகை, ஒரு ரோஜா, ஏதாவது ஒன்று அகப்பட்டால் உங்களைப் பிடித்துவிடலாம் என்று மூக்கைச் சுருக்கிச் சுருக்கித் தேடினாள். அகப்படவில்லை. பூவுக்குச் சட்டம் வைத்திருந்தார்கள், பாசிக்கு யாரும் வைக்கவில்லை. கையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

அக்கம்பக்கம் பேசத்தான் செய்தது. எதிர்வீட்டு அக்கா உங்களுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கேரி தீவு எஸ்டேட்டுல பொறந்த புள்ளைதானே, மண் வாசனைய விட முடியல பாவம்" என்றாள். நீங்கள் விடவில்லை. "எஸ்டேட்டு மண்ணு உரமும் பூச்சி மருந்துமா நாறுங்க்கா. இது பாரிஸ்லேர்ந்து வருது" என்றீர்கள். ஒருவர் தருகிற சாக்கை வாங்கிக்கொள்ளும் பழக்கமே உங்களுக்கு இல்லை. அம்மாவும் ஒரு சாக்கு கொடுத்தாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள்.

"யாராச்சும் கேட்டா எம்மவன் வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லிடும்மா. அவன் ஞாபகமா போட்டுக்கிறேன்னு சொல்லு. அப்புறம் ஊரு வாய நான் பாத்துக்கிறேன்."

"அவரு வாங்கிக் குடுக்கலையே அத்தை."

"அது எனக்குத் தெரியாதா? சொல்லத்தானே சொல்றேன்."

"எனக்குப் பிடிச்சது, நான் வாங்கினேன். அதுக்கு எதுக்கு அவரை இழுக்கணும்?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போனாள். அப்பா இதிலெல்லாம் தலையிடுவதில்லை. அவர் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். எனக்கு அப்போது உங்களைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்குப் பிடிச்சது என்று எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிக் கேட்டதில்லை.

ஆகவே எனக்குப் பிடித்ததை உங்களிடம்தான் சொன்னேன். நினைவிருக்கிறதா? பெரியப்பா மகள் கல்யாணத்தில், கிள்ளானில், பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிய அந்தத் துறைமுக ஆபிஸ்காரர். என் இலையில் உடைந்த அப்பளம் விழுந்ததும், முழுதாக இன்னொன்றைத் தேடி எடுத்துவந்து வைத்தாரே, அவர். அவர்கள் வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்தபோது நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்ததும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான், "எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணி" என்றேன். வேறு யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தெரிந்தே செய்தீர்கள்.

அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்றைக்கு ஒருநாள் அதைப் போடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சினேன். போடவில்லை நீங்கள். அந்த மரியாதையை உங்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் சேலையில் இருந்தது, கூந்தலில் இருந்தது, கொடியில் தொங்கிய துண்டில் இருந்தது. சுபகாரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று உங்களை அடுப்படியில் உட்கார வைத்திருந்தோம். உங்களை உட்கார வைக்க முடிந்தது, வாசனையை முடியவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா காப்பியைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன வாசனைங்க இது? பொண்ணு போட்டிருக்கா?"

அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"இல்லைங்க, எங்க மருமக. எம்மவன் வாங்கிக் குடுத்த சென்ட்டு. அவன் போயும் அது இன்னும் விடல. அவன் ஞாபகமா..." என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. மகனைப் பற்றிப் பேசினால் அவளுக்கு எப்போதும் வரும்.

பெரியம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அவரும் சின்ன வயதில் கணவரை இழந்தவராம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா? கூப்பிடுங்க, நான் பாக்கணும்" என்றார். வழக்கத்தையெல்லாம் அவரே ஒதுக்கி வைத்துவிட்டார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தீர்கள். அவர் உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"புருசன் வாங்கிக் குடுத்ததாம்மா?"

அம்மா உங்களைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்த்தேன். வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டிய அவசியம்கூட உங்களுக்கு இல்லை. லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும். அந்தப் பெரியம்மா உங்களைக் கட்டிக்கொண்டிருப்பார், அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள்.

"இல்லைங்க ஆன்டி. நான் வேலை செய்யற கடையில நானே வாங்கினது. அவரு தவறினப்புறம் வாங்கினது. எனக்குப் பிடிக்கும்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னீர்கள். நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போல. பெரியம்மா உங்கள் கைகளை விட்டார். அம்மா பொய் சொன்னாள் என்பதும் தெரிந்துவிட்டது, மருமகள் எப்படிப்பட்டவள் என்று அவர்கள் நினைத்ததும் அவர்கள் முகத்தில் தெரிந்துவிட்டது. மிச்சக் காப்பி ஆறிப்போனது. பையனுக்கு இப்போதைக்குக் கல்யாண யோசனை இல்லை என்று அடுத்த வாரம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் பந்திங் ஊரில் ஒரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள்.

"எம்மவ தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!" என்று அம்மா கத்தினாள். தான் எந்த மண்ணைச் சொல்கிறோம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்தி அழுதாள். நான் கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த உங்களிடம் வந்து, ஏன் அண்ணி என்று மட்டும் கேட்டேன்.

"இன்னிக்குத் தலையாட்டிட்டா, நாளையிலேர்ந்து அது அவரு சென்ட்டு சரோ. எனக்குன்னு இந்த வீட்டுல இருக்கறது அது ஒண்ணுதான்" என்றீர்கள்.

பெரிய வார்த்தைதான். கேட்பவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு இருபத்து நான்கு வயது. உங்களுக்கு ஒரு பாட்டில் பிடித்ததற்காக எனக்குப் பிடித்த மனிதர் போனார் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறொன்றும் விளங்கவில்லை. இப்போது மட்டும் விளங்குகிறதா என்ன?

அந்த வருடமே வாணியைக் கூட்டிக்கொண்டு செராஸில் ஒரு அறைக்குக் குடிபோனீர்கள். உங்களை யாரும் போகச் சொல்லவில்லை. நீங்கள் பெட்டி கட்டியபோது யாரும் எழுந்தும் வரவில்லை, நான் உட்பட. எனக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் இடம் அமைந்தது. நல்ல மனிதர், தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார், அடித்ததில்லை, குடித்ததில்லை. பிறவியிலேயே மூக்கடைப்பு. சாம்பார் கருகினாலும் சத்தம் கேட்டால்தான் தெரியும். நான் என்ன பூசினால் என்ன, பூசாவிட்டால் என்ன. சில நாள் அவரைப் பார்த்துக்கொண்டே, முழு அப்பளத்தைத் தேடி எடுத்துவந்தவரை நினைத்துக்கொள்வேன். அவர் மேல் தப்பில்லை. இப்படி நினைப்பதற்கெல்லாம் நான் உங்கள் பெயரில்தான் கணக்கு எழுதி வைத்தேன்.

பல வருடம் பேசவில்லை. உங்களுக்கு மார்பில் கட்டி என்று கேள்விப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மருந்து உங்களை உருக்கியிருந்தது. முடியெல்லாம் போய், நெற்றி மட்டும் பெரிதாக இருந்தது. கைப்பைக்குள் அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று என் கண் தேடியது. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"தேடாத சரோ. இப்பல்லாம் மூடியத் திறந்தாலே குமட்டுது. எடுத்துப் போடுன்னு வாணிகிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்காகத்தானே எல்லாரையும் எதுத்தீங்க" என்றேன். சொல்லும்போதே என் குரலில் விஷம் இருந்தது.

"அப்பப் பிடிச்சது. இப்பப் பிடிக்கல" என்றீர்கள்.

அடுத்த வாரங்களில் அடிக்கடி வந்தேன். கஞ்சி ஊட்டினேன், காலைப் பிடித்துவிட்டேன். நர்சு வலிக்குதா என்று கேட்டால் வலிக்குது என்பீர்கள், வந்த சொந்தக்காரர் நல்லா தேறிட்டீங்க என்றால் இல்லை என்பீர்கள். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்குள் ஏதோ இளகியது. இவருக்குப் பொய் வராது, அவ்வளவுதான் என்று தோன்றியது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கணக்கு வராது, இவருக்குப் பொய் வராது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் இவர் என்னை வேண்டுமென்று கைவிடவில்லை, இவரால் முடியவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு உங்களை மன்னித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் போவதற்கு முன்னால் மன்னித்துவிட்டோம் என்று பின்னால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உங்கள் கருமாதியன்று அம்மா என்ன செய்தாள் தெரியுமா? படையலில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில், வாணி தூக்கிப் போடாமல் ஒளித்து வைத்திருந்த அந்தப் பாட்டிலை வைத்தாள். வாணியை இழுத்து அணைத்துக்கொண்டு, "உங்கப்பன் வாங்கிக் குடுத்ததும்மா. கடைசி மூச்சு வரைக்கும் அத விடலயே எம்மருமக" என்று சொல்லி அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் நீங்கள் ஆட்ட மாட்டேன் என்ற தலையை, உங்களுக்காக ஊரே ஆட்டிற்று. அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா இப்படிப் பொய் சொல்ற?"

"அப்பன் மொகங்கூட ஞாபகமில்லாத புள்ளடி அது. இப்ப ஆத்தாவும் இல்ல. இதாவது இருக்கட்டும் அதுக்கு."

அந்தப் பொய் வாணியோடு வளர்ந்தது. அவள் கல்யாணத்தில் அதைச் சொன்னார்கள், அவள் பிள்ளைகளுக்கு அவளே சொன்னாள். அது அவர் சென்ட்டு ஆகிவிட்டது அண்ணி, நீங்கள் பயந்தது போலவே.

இன்று மத்தியானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்பாவோட டேஸ்ட்டப் பாருங்க அத்தை. போஸ்ட் ஆபிஸ்ல சாதாரண கிராணி வேலை, அந்தக் காலத்துலயே பிரெஞ்சு சென்ட்டு வாங்கிக் குடுத்திருக்காரு. என் வீட்டுக்காரரு இருக்காரே, கல்யாண நாளுக்கு ரைஸ் குக்கரு."

என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி என்னைத் தவிர உண்மை தெரிந்தவர் யாரும் இல்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கிற நன்றியும் கோபமும் சேர்ந்து சொல்ல வைத்தன என்றுதான் நினைக்கிறேன்.

"உங்கப்பா வாங்கல வாணி. உங்கம்மாவே வாங்கினாங்க. அப்பா தவறினப்புறம். அவங்களுக்குப் பிடிச்சு வாங்கினாங்க."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாற்பது வயது தாண்டிய பெண், முகம் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிட்டது.

"அப்ப அப்பா அம்மாவுக்கு என்னதான் அத்தை வாங்கிக் குடுத்தாரு?"

நல்லவேளை, இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வெறுங்கையோடு அவளை விட வேண்டியதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன். "மல்லிகைப்பூ. வெள்ளிக்கிழமை ஆனா வேலை விட்டு வரும்போது மல்லிகைப்பூ இல்லாம உங்கப்பா வீட்டுக்குள்ள வர மாட்டாரு. அவரே அம்மா தலையில வெச்சும் விடுவாரு. நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம்."

"மல்லியா?" என்றாள் வாணி. "அம்மாவுக்கு மல்லி ஆகாதே அத்தை. வாசம் பட்டாலே மண்டையப் பொளக்கும். கோயில்ல பக்கத்துல யாராச்சும் வெச்சிருந்தாக்கூட எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருவாங்க. சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான்னு சொல்லியிருக்காங்க."

அவள் போன பிறகு அந்த வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. தலையைக் குனிந்து காட்டுவீர்கள். அண்ணன் பூவை வைத்துவிட்டு, நல்லாருக்கா என்பான். நல்லாருக்குங்க என்பீர்கள், சிரித்துக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு சீக்கிரம் படுக்கப் போவீர்கள். புதுப் பொண்டாட்டி என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். வாராவாரம், அவன் லாரிக்கடியில் போகிற வரைக்கும், நல்லாருக்குங்க.

உங்களுக்குப் பொய் வராது என்றுதானே அண்ணி உங்களை மன்னித்தேன். வந்திருக்கிறதே. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது. அவனுக்காக வந்தது, எனக்காக வரவில்லை, அவ்வளவுதான். இப்போது அந்த மன்னிப்பை நான் என்ன செய்வது? திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் நீங்கள் இல்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரோ